நில எடுப்பு இழப்பீட்டுக்குக் காகிதம் தயார் செய்துதரும் முன்னாள் சர்வேயர்: எங்கள் அனுபவம்

தாலுகா ஆபீஸ் எதிர்ச்சந்தில், டீக்கடைக்கு மேல் ஒரு சின்ன அறை. பலகை கிடையாது. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருக்கிறார். நிலம் சாலைக்குப் போனவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள்.

எங்களுக்கு 2 ஏக்கர் 10 சென்ட் தென்னந்தோப்பு, பட்டா அம்மா பேரில். புறவழிச்சாலைக்கு 2020இல் அறிவிக்கை வந்தது. போனது 38 சென்ட். சாலைக்கு இந்தப் பக்கம் 1 ஏக்கர் 60 சென்ட், அந்தப் பக்கம் 12 சென்ட். கிணறு அந்த 12 சென்டில் மாட்டிக்கொண்டது.

முதலில் ஒரு புரோக்கரிடம் போனோம். கூடுதலாகக் கிடைப்பதில் 15 சதவீதம் கேட்டார். சர்வேயர் வாங்கியது மொத்தமாக 6,000 ரூபாய், நகல் செலவு தனி. வில்லங்கச் சான்று போட்டு, அறிவிக்கைக்கு முந்தைய 3 ஆண்டுகளில் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் பதிவான 23 கிரையங்களைப் பட்டியல் எடுத்தார். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி அவற்றில் விலை அதிகமான பாதியை எடுத்துச் சராசரி போட வேண்டும். அந்தச் சராசரி, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. எங்கள் தீர்வத்தில், அதாவது அதிகாரி இழப்பீட்டை முடிவுசெய்து போட்ட உத்தரவில், வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்து முடித்திருந்தார்கள். சந்தை மதிப்புக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. சந்தை மதிப்பைப் பெருக்கும் எண்ணான பெருக்கல் காரணியை 1 என்றே வைத்தாலும், சென்டுக்கு 1,000 ரூபாய் கூடினால் 38 சென்டுக்கு 76,000 கூடும்.

அந்தப் பட்டியலில் ஏழாவதாக இருந்தது எங்கள் பத்திரம். தங்கை கல்யாணத்துக்காக அப்பா 2018இல் விற்ற 15 சென்ட். கைக்கு வந்தது சென்டுக்கு 22,000. பத்திரத்தில் எழுதியது 8,000. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனதைக்கூடப் பெரிதாகப் பேசவில்லை. வாங்குகிறவருக்கு முத்திரைச் செலவு குறைகிறது என்று எல்லோரும் குறைத்தே எழுதினோம். அந்தக் காகிதங்கள்தான் இன்று எங்கள் மண்ணின் விலைக்குச் சாட்சி. சர்வேயர் கண்டிக்கவில்லை. “அம்மிணி, பத்திரத்துல இருக்கறதுதான் பேசும்” என்றார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிக்காகவே இதை எழுதுகிறேன். பேங்க் லோனில் வாங்கியவர்கள் உண்மை விலையைத்தான் எழுதியிருப்பார்கள், இல்லாவிட்டால் கேட்ட கடன் கிடைக்காது. அப்படிப்பட்ட 5 பத்திரங்களைத் தேடி, சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, எங்கள் நிலத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தூரத்தைப் புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) குறித்துக் கொடுத்தார். அதிகாரிகள் மரம் எண்ண வருவதற்கு முந்தின நாளே ஒவ்வொரு தென்னைக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தார். அவர்கள் கணக்கில் 26 மரம், எங்கள் போட்டோவில் 31. மறுபடி எண்ணித் திருத்தினார்கள்.

குறையும் உண்டு. நிலம் துண்டானதற்குத் தனியாக நஷ்டம் கேட்கலாம் என்பதை, தீர்வத்தை எதிர்த்துக் கூடுதல் இழப்பீடு கேட்கும் நடுவருக்கான மனுவை எழுதி முடித்த பிறகுதான் சொன்னார். கிணற்றை இழந்த தோப்பு எங்களுக்கு நில விலையைவிடப் பெரிய விஷயம். மனுவைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. போன் எடுக்க மாட்டார். ரசீது கேட்டால்தான் தருவார்.

சாலையை ஒட்டி நிலம் மிஞ்சியவர்களுக்கு இப்போது விலை ஏறிவிட்டது. எங்களுக்கு அறிவிக்கை நாள் விலைதான். இது அவர் கையில் இல்லை, சட்டம் அப்படி. நடுவர் விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனாலும் 5க்கு 4 கொடுப்பேன்.

செவ்வாய், சனி காலை 10 மணிக்கு மேல் இருப்பார். போகும்போது பட்டா, புலப்படம், 3-ஜி தீர்வ நகல் (தேசிய நெடுஞ்சாலைச் சட்டப் பிரிவின்படி வந்த இழப்பீட்டு உத்தரவு) மூன்றையும் எடுத்துப்போங்கள். கிணறோ போரோ பிரிந்துபோயிருந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.