இசைத்தட்டு ப்ரீ-ஆம்ப்: இரண்டு டிரான்சிஸ்டரா, ஒரு ஐ.சி.யா?

குடியாத்தத்தில் கடையை மூடிய ஒரு மைக் செட்காரரிடமிருந்து, கல்யாண வீடுகளில் ஓடித் தேய்ந்த நாதஸ்வர இசைத்தட்டுகளோடு ஒரு டர்ன்டேபிளும் என்னிடம் வந்து சேர்ந்தது. அதன் மெல்லிய சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு முன் பெருக்கித் தரும் ப்ரீ-ஆம்ப்பை இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு பி.சி.549சி டிரான்சிஸ்டர்களை அடுத்தடுத்து இணைத்துப் பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பி, பெருக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது) கொடுத்த பழைய சுற்று, மற்றது, பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லுக்குள் அடக்கிய என்.இ.5532 ஆப்-ஆம்ப் ஐ.சி.

இரைச்சலைப் பொறுத்தவரை என் ஓட்டு டிரான்சிஸ்டருக்கே. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு ஆடும் காந்தத்தால் சிக்னல் தரும் முனை) தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்தான். பேஸ், எமிட்டர், கலெக்டர் என்ற மூன்று கால்களில் கலெக்டரின் மின்னோட்டத்தை 100 மைக்ரோஆம்பியர் அளவில் வைத்த நல்ல டிரான்சிஸ்டர், ஒரு ரூட் ஹெர்ட்சுக்கு (இரைச்சலை அளக்கும் அலகு இது) 5 நானோவோல்ட் இரைச்சல் உள்ள 5532-ஐவிட அமைதியாக இருக்கும். டி.எல்.072 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப்பை இந்த இடத்தில் போடுபவர்களும் உண்டு. 18 நானோவோல்ட் இரைச்சலுள்ள அது டோன் கன்ட்ரோலுக்குப் போதும், இசைத்தட்டுக்கு ஆகாது.

ஆனால் டிரான்சிஸ்டருக்கு வேலூர் வெயில் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு டிகிரி சூடு ஏறினால் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். காலை 28 டிகிரியில் இருந்த மொட்டைமாடி அறை அக்கினி நட்சத்திரப் பகலில் 43-ஐத் தொட்டால், அது 30 மில்லிவோல்ட் மாற்றம். எமிட்டர் ரெசிஸ்டரில் 1 வோல்ட் விழும்படி கட்டியிருந்தால் மின்னோட்டம் 3 சதவீதமே நகரும். நான் 0.1 வோல்ட்டோடு நிறுத்தியிருந்தேன். 24 வோல்ட் சப்ளையில் காலை 12 காட்டிய கலெக்டர், பகல் இரண்டு மணிக்கு எட்டரைக்கு இறங்கியிருந்தது. தவறு என்னுடையதுதான், ஆனாலும் அந்தத் தவறைச் செய்ய ஆப்-ஆம்ப் இடமே தருவதில்லை: பின்னூட்டம் அதன் வெளியீட்டைப் பூஜ்ஜியத்தின் அருகிலேயே பிடித்து வைக்கிறது.

உண்மையில் முடிவைத் தீர்மானித்தது தாழ்ந்த அதிர்வெண் (bass) ஒலிதான். இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த தாழ்ந்த ஒலியைத் திரும்ப உயர்த்தச் சொல்லும், 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. விதிப்படி 20 ஹெர்ட்சில், 1 கிலோஹெர்ட்சில் உள்ளதைவிட 19 டெசிபல் கூடுதலாகப் பெருக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்சில் 36 டெசிபல் வைத்தால் 20 ஹெர்ட்சில் 55 ஆகிறது. இரண்டு டிரான்சிஸ்டர்களின் மொத்தப் பெருக்கமே அதைவிடச் சற்றுதான் அதிகம் என்பதால், பின்னூட்டத்துக்கு மீதி ஏதும் தேறாமல், தவிலின் அடி தொய்ந்து, உருக்குலைவும் கூடுகிறது. 5532-இன் திறந்த பெருக்கம் (பின்னூட்டம் இல்லாதபோது உள்ளது) ஏறத்தாழ 100 டெசிபல். 45 டெசிபல் கையிருப்போடு அது ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவை அப்படியே வரைகிறது.

ஐ.சி.யிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கூட்டல், கழித்தல் என்று இரட்டை சப்ளை தேவை. சப்ளைக் கால்களை ஒட்டி 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்காமல் விட்டதால், காதுக்குக் கேட்காத அலைவில் ஆடி, தொட்டால் சுடும் அளவுக்கு அது சூடேறியது. ஆனால் இரண்டு கெப்பாசிட்டரில் அது தீர்ந்துவிட்டது.

கடைசியில் பெட்டிக்குள் போனது 5532. டிரான்சிஸ்டர் போர்டின் எமிட்டர் ரெசிஸ்டரை மாற்றி, ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைத் தரும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் வலைப்பின்னலைக் கழற்றிவிட்டு, 40 டெசிபல் நேர்ப்பெருக்கத்தோடு ஒரு டைனமிக் மைக்குக்கு வைத்திருக்கிறேன். தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெருக்கம் கேட்காத அந்த வேலையில் அதன் இரைச்சலின்மை மட்டும்தான் கணக்கு.