பழைய அப்ளிகேஷனைக் கிளவுடுக்குக் (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு) கொண்டுபோக மூன்று வழிகள்: எங்கள் ஓட்டு நடுவழிக்கு

கமிஷன் மண்டிகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை எங்கள் சின்ன டீம் பல வருடமாகப் பராமரித்து வருகிறது. ஜாவா 8-இல் எழுதிய புரோகிராம், அதை ஓட்டும் டாம்கேட், மைஎஸ்க்யூஎல் 5.7 டேட்டாபேஸ், எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. காய்கறி மார்க்கெட் நள்ளிரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். லோடு இறங்கும்போது பில் திரை நின்றுவிட்டால் அதிகாலை மூன்று மணிக்கு எங்களுக்கு போன் வரும். இதைக் கிளவுடுக்கு மாற்ற மூன்று வழிகளைப் பேசினோம்: இருப்பதை அப்படியே தூக்கி வைப்பது, சில பாகங்களை மட்டும் மாற்றுவது, மொத்தத்தையும் மைக்ரோசர்வீஸ்களாக (தனித்தனியே ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்களாக) உடைத்து எழுதுவது. இரண்டாவதை எடுத்தோம். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதல் வழியான, அப்படியே தூக்கி வைக்கும் லிஃப்ட் அண்ட் ஷிஃப்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புரோகிராம் கோடில் கை வைக்க வேண்டாம், சீக்கிரம் முடியும். சர்வர் இடத்தைக் காலி செய்ய வேண்டிய அவசரம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கரண்ட் போகிற கவலையும் டிஸ்க் சாகிற கவலையும் தீரும். மற்றபடி ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேட்ச் (குறைகளைச் சரிசெய்யும் அப்டேட்), டேட்டாபேஸ் பேக்கப், நிரம்பி வழியும் லாக் ஃபைல் எல்லாம் நம் தலையில்தான். பகல் முழுக்கச் சும்மா கிடக்கும் மெஷினுக்கும் மணிக்கணக்கில் வாடகை ஓடும்.

உடைத்து எழுதும் வழிக்கு எல்லோரும் நெட்ஃபிளிக்ஸைக் காட்டுவார்கள். 2008-இல் அவர்கள் டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதிலிருந்து தொடங்கிய கிளவுட் மாற்றம் முடிந்தது 2016 ஜனவரியில். அத்தனை வருடமும் அத்தனை ஆளும் நம்மிடம் இருக்கிறதா? எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தன் சர்வீஸைப் பல துண்டுகளாக வைத்திருந்தது. அதை ஒரே அப்ளிகேஷனாகச் சேர்த்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-இல் அவர்களே எழுதினார்கள். எங்கள் கதையில் தடை இன்னும் எளிமையானது. பில் பதிவது, சரக்கிருப்பைக் கழிப்பது, விவசாயி கணக்கில் வரவு வைப்பது மூன்றும் இன்று ஒரே டிரான்ஸாக்‌ஷன். ஒன்று தவறினால் மூன்றும் ரத்தாகிவிடும். இவற்றை மூன்று சர்வீஸாகப் பிரித்து, மூன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸ் கொடுத்தால், பில் விழுந்து வரவு விழாத கேஸ்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய நாமே கோடு எழுத வேண்டும். எதற்கு?

சரி, நடுவழி. அப்ளிகேஷன் ஒரே துண்டாகவே இருக்கிறது. டேட்டாபேஸ் மட்டும் அமேசானே பராமரித்துத் தரும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸுக்குப் போனது, ஸ்கேன் செய்த சிட்டைகள் அமேசானின் ஃபைல் கிடங்கான எஸ்3-க்கு. லாகின் செஷனை (யார் உள்ளே இருக்கிறார் என்ற பதிவை) டாம்கேட் நினைவகத்திலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றினோம். அப்படிச் செய்ததால் சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் பில் போடுகிறவர் வெளியே தள்ளப்படுவதில்லை.

இதிலும் வேலை உண்டு. ஆர்டிஎஸ்ஸில் சூப்பர் உரிமை (டேட்டாபேஸில் எதையும் செய்யும் முழு அதிகாரம்) தரமாட்டார்கள். பழைய டம்ப்பில் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) உள்ள ஸ்டோர்டு புரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த சின்ன புரோகிராம்கள்) வேறொரு டிஃபைனர் (உரிமையாளராகப் பதிவான யூசர்) பெயரில் இருந்தால் இம்போர்ட், உரிமை இல்லை என்று எர்ரர் 1227 காட்டி நின்றுவிடக்கூடும். மைஎஸ்க்யூஎல் 8-இல் ‘ரேங்க்’ ஒதுக்கப்பட்ட சொல், அதாவது டேட்டாபேஸ் தனக்கென்று வைத்துக்கொண்ட சொல். அந்தப் பெயரில் டேபிளில் நெடுவரிசை இருந்தால் பழைய க்வெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) உடையும். எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். ஆர்டிஎஸ் கடிகாரம் முதலில் உலகப் பொது நேரமான யுடிசியில்தான் இருக்கும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அப்படியே விட்டால் காலை நாலு மணிக்குப் போடும் பில்லில் முந்தைய நாள் தேதி விழும். பகலில் நடக்கும் கடைக்கு இது தெரியவே தெரியாது, மண்டிக்கு முக்கால்வாசி வியாபாரமே அந்த நேரத்தில்தான். ஆர்டிஎஸ்ஸின் செட்டிங் பட்டியலான பாராமீட்டர் குரூப்பில் டைம்ஸோனை மாற்றி, டெஸ்ட் பில் போட்டுப் பார்த்த பிறகே லைவ் விட்டோம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் டேட்டாபேஸ் பராமரிப்பு. முன்பு இரவு ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வைத்து டம்ப் எடுப்போம். அது ஓடியதா என்று பார்ப்பது ஒரு வேலை, ரீஸ்டோர் ஆகுமா என்று பார்ப்பது இன்னொரு வேலை. வியாபார நேரத்திலேயே டம்ப் ஓடுவதால் திரையும் இழுக்கும். இப்போது தானியங்கி பேக்கப்பை 35 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துக்குள் எந்த நொடியைக் கேட்டாலும் அந்த நிலையில் புதிய டேட்டாபேஸ் எழுப்பித் தருகிறது, கடைசி ஐந்து நிமிடம் போல மட்டும் விதிவிலக்கு. பேட்ச் போடும் நேரத்தை நாமே குறிக்கலாம். நாங்கள் குறித்தது பிற்பகல், மார்க்கெட் தூங்கும் நேரம்.

சும்மா கிடைப்பதில்லை. அதே அளவு மெஷினில் நாமே மைஎஸ்க்யூஎல் போட்டுக்கொள்வதைவிட ஆர்டிஎஸ் வாடகை கூடுதல். வெர்ஷனும் துரத்தும். 5.7-க்கான வழக்கமான ஆதரவு ஆர்டிஎஸ்ஸில் 2024 பிப்ரவரியோடு முடிந்தது. அதற்கு மேலும் அதிலேயே இருந்தால் விசிபியு (மெஷினுக்கு ஒதுக்கிய பிராசஸர் எண்ணிக்கை) கணக்கில் தனிக் கட்டணம். எனவே பழைய வெர்ஷனோடு உள்ளே போகாதீர்கள். மேலே ஏற ப்ளூ/கிரீன் வசதி உதவும். லைவ் டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எழுப்பி, அதில் புது வெர்ஷனைச் சோதித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு டேட்டா சென்டர் விழுந்தால் இன்னொன்றுக்குத் தாவும் மல்டி-ஏஇசட் அமைப்பை, நாங்களாக ரீபூட் செய்து பார்த்த சோதனையில்தான் பார்த்திருக்கிறேன், நிஜ விபத்தில் இல்லை. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு லைசென்ஸ் கணக்கு வேறு. அங்கே என் அனுபவம் செல்லாது.

மாதக் கடைசியில் எல்லா மண்டிகளும் ஒரே நேரத்தில் பாக்கிப் பட்டியல் எடுக்கும்போது பில் திரை இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. ரிப்போர்ட்டைத் தனி சர்வீஸாகப் பிரிக்கலாம் என்று டீமில் ஒரு பேச்சு இருக்கிறது. முதலில் ஒரு ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான டேட்டாபேஸ் நகல்) எழுப்பி ரிப்போர்ட்டை அதிலிருந்து எடுத்துப் பார்ப்போம் என்பது என் கட்சி. அது போதாவிட்டால்தான் கோடைப் பிரிப்பது.