பழைய மேனுவல் லென்ஸ் மாட்ட நிக்கானா, கேனானா?

ஒரு வருடத்துக்கு மேல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். நிக்கான் டி7000-இல் நிக்கானின் சொந்த லென்ஸான 50 மி.மீ. எஃப்1.4 ஏஐ (AI) வகை நிக்கோர். கேனான் 60டி-யில் எம்42 என்ற திருகு லென்ஸ்களுக்கான அடாப்டர் வழியாக 58 மி.மீ. எஃப்2 ஹீலியோஸ் 44-2. கடைசியில் தினசரி உபயோகத்துக்கு நிக்கானையே வைத்துக்கொண்டேன்.

எத்தனை வகை லென்ஸ் பொருந்தும் என்று மட்டும் பார்த்தால் கேனான்தான் ஜெயிக்கும். லென்ஸ் மாட்டும் மவுன்ட்டிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் கேனானின் ஈஎஃப் மவுன்ட்டில் 44 மி.மீ., எம்42-வில் 45.46 மி.மீ. இடையில் கிடைக்கும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரில் மெல்லிய அடாப்டர் உட்கார்ந்துவிடும். நிக்கானில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. அதனால் எம்42 லென்ஸை வெறும் அடாப்டரோடு போட்டால் தொலைதூரம் ஃபோகஸ் ஆகாது. கேனானின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸுக்கு வேண்டியது 42 மி.மீ.; ஈஎஃப் பாடியில் அதற்கும் இதே கதிதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அப்பர்சர் (ஒளி நுழையும் துளை) மூடும் விதம். நிக்கோரில் வளையத்தை எஃப்5.6-இல் வைத்தாலும் வியூஃபைண்டரில் பார்க்கும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். ஷட்டரை அழுத்தும் கணத்தில் பாடிக்குள் இருக்கும் நெம்புகோல் அதை மூடுகிறது. அடாப்டரில் அந்த இணைப்பே கிடையாது. ஹீலியோஸைத் திறந்து வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு கையால் மூட வேண்டும். மூடியதும் வியூஃபைண்டர் இருண்டுவிடும்.

ஒரு நாள் அப்பா ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தார். ஹீலியோஸில் அவர் கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட்டு, முன்வளையத்தைத் திருப்பினேன். கூடவே ஃபோகஸ் வளையமும் இம்மி நகர்ந்துவிட்டது. மறுபடி திறந்து சரிசெய்வதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். படத்தில் காது மடல் கூர்மை, கண் மசமச. அதே நாற்காலியில் நிக்கோரில் எடுத்ததில் கண்ணிமை முடிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. லென்ஸின் தரத்துக்கு இதில் பங்கில்லை. ஃபோகஸ் வைத்த அந்த நொடியிலேயே நான் க்ளிக் செய்ய முடிந்தது, அவ்வளவுதான்.

டி7000-இல் இன்னொரு வசதி, ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டரின் மூலையில் எரியும் பச்சைப் புள்ளி. ஆட்டோஃபோகஸ் காலத்து வியூஃபைண்டர் திரைகள் எஃப்1.4-இன் மெல்லிய ஃபோகஸ் ஆழத்தை உள்ளபடி காட்டுவதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது படத்தில் தப்பிப்போகும். அங்கே புள்ளி கைகொடுக்கிறது. 60டி-யிலும் சிப் வைத்த அடாப்டர் போட்டால் இதுபோன்ற அறிகுறி கிடைக்கும். கையால் ஃபோகஸ் செய்ய உதவும் எஃப்-எஸ் (Ef-S) என்ற வியூஃபைண்டர் திரையையும் மாற்றிப் போடலாம். இரண்டையும் கொஞ்ச நாள்தான் பயன்படுத்தினேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

முக்காலி வைத்துப் பூவோ பொருளோ எடுப்பவர்களுக்கு கேனானே போதும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி நிதானமாக ஃபோகஸ் செய்யலாம். ஹீலியோஸின் சுழலும் பின்னணி மங்கல் பிடித்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஒளி அளவிட, ஷட்டர் வேகத்தை கேமராவே தேர்ந்தெடுக்கும் ஏவி (Av) மோடு போதும்.

நிக்கான் பக்கம் வருபவர்கள் பாடியைப் பார்த்து வாங்குங்கள். டி3000, டி5000 வரிசைகளில் பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால் ஒளி அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டி7500-இலும் அப்படித்தான். டி7000, டி7100, டி7200 மூன்றிலும் மெனுவில் லென்ஸின் குவிதூரத்தையும் அதிகபட்ச அப்பர்சரையும் பதிந்துவிட்டால் மீட்டர் ஓடும்.

வளையம் எந்த அப்பர்சரில் இருக்கிறது என்பதை லென்ஸ் பாடிக்குத் தெரிவிக்கும் ஏஐ முறை 1977-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை இந்த மூன்றிலும் திருகினால் மவுன்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு உடைய வாய்ப்புண்டு. அப்பர்சர் வளையத்தில் பெரிய எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரிசை எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக மாட்டலாம்.