டி-ஸ்ட்ரெட்ச்: மங்கிய பாறை ஓவியத்துக்கு ஒரு கண்ணாடி

ஜான் ஹார்மன் எழுதிய டி-ஸ்ட்ரெட்ச் என்ற செருகுநிரல், இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளுக்குள் இயங்குகிறது. புகைப்படத்தின் நிற வேறுபாடுகளை இழுத்துப் பெரிதாக்குவதே இதன் வேலை. ஓவிய நிறத்துக்கேற்ப நிறவடிகட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: செங்காவிக்கு ஒய்ஆர்இ (YRE) அல்லது எல்ஆர்இ (LRE), கருப்புக்கு ஒய்பிகே (YBK). முதலில் ஒய்டிஎஸ் (YDS) வடிகட்டியில் மேலோட்டமாகப் பார்ப்பது நல்லது. நிறத்தை எவ்வளவு இழுப்பது என்ற அளவு 15-இல் தொடங்கும். ஏற்றிக்கொண்டே போனால் பாறையின் இரும்புக் கறையும் ஓவியம்போல் மினுக்கும். கோப்பளவைக் குறைக்க அதிகம் அமுக்கிய ஜேபெக் (JPEG) படம் என்றால் கட்டம் கட்டமாகப் பொய்க்கோடுகள் வரும். நிழலில், சீரான ஒளியில் எடுத்த படமே சரி. நிறம் தெளிவாகத் தெரிய ஓவியத்தில் தண்ணீர் தெளிக்கும் பழைய கெட்ட பழக்கத்துக்கு இனி சாக்கு இல்லை.

ஆனால் பொருள் சொல்ல இதற்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலையில் கேம் பாஸ் குகை ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: தலை தாழ்ந்து, மயிர் சிலிர்த்து, பின்னங்கால்கள் பின்னிச் சாகும் ஈலாண்ட் மான், அதன் வாலைப் பிடித்த மனிதனுக்கும் கால்கள் பின்னியிருக்கின்றன, பாதத்துக்குப் பதில் குளம்பு. வேட்டை பலிக்கச் செய்த மந்திரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நஞ்சேறிய மானின் சாவும், தன்னிலை மறக்கும் மயக்கநடனத்தில் சான் பழங்குடி மருத்துவர் 'சாவதும்' ஒன்று என்பது தொல்லியலாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸின் வாசிப்பு. அதற்கு ஆதாரம் 1870-களில் பதிவான சான் மக்களின் வாய்மொழி. எந்த நிறவடிகட்டியும் அதைத் தராது.

ஆவணப்படுத்த டி-ஸ்ட்ரெட்சை வாங்கலாம். மூலப்படத்தையும், எந்த வடிகட்டி, எந்த அளவு என்பதையும் சேர்த்தே சேமியுங்கள்.