12 கம்பி எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆன்லைனில் செட் வாங்குகிறவர்கள் கவனம்: என் 6,400 ரூபாய் போன விதம்

ராத்திரி பதினொன்றரை ஆகிறது. வலது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி கீறிய தடம் இன்னும் எரிகிறது. நாளைக்குக் கோபம் தணிந்ததும் எழுதலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். தணிந்துவிட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போனது 6,400 ரூபாய். நாலு செட் கம்பிக்காக.

கடையின் பெயரை இப்போது போடவில்லை, புகார் நடக்கும்வரை போடாதே என்று வக்கீல் நண்பன் சொல்லியிருக்கிறான். ரகத்தை மட்டும் சொல்கிறேன். சமூக வலைத்தளத்தில் பளபளவென்று கிட்டார் படங்களாகப் போட்டு, மெசேஜில் ஆர்டர் எடுத்து, முழுப் பணத்தையும் யுபிஐயில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்புகிற ரகம். பில் கேட்டால் “பார்சலுக்குள்ள இருக்கும்ணே” என்பார்கள். இருக்காது.

என் கிட்டார் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த டேன்எலக்ட்ரோ கம்பெனியின் பழைய எலக்ட்ரிக் கிட்டார், 12 கம்பி. தூத்துக்குடியில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஆறு வருஷமாக அதைத்தான் வாசிக்கிறேன். இந்த ஊரில் எந்தக் கடையில் போய் 12 கம்பி செட் கேட்டாலும் அகோஸ்டிக் செட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். “அண்ணாச்சி, இது எலக்ட்ரிக்குக்கு ஆகாது” என்றால் “கம்பி கம்பிதானே தம்பி” என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வருஷத்துக்கு ஒருத்தன் கேட்கிற பொருளை யார் வாங்கி அடுக்கி வைப்பார்கள்?

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் கம்பிகள் இரண்டிரண்டாக ஆறு ஜோடி. பி, ஹை இ ஆகிய இரண்டு ஜோடியிலும் இரண்டு கம்பியும் ஒரே சுருதி. மற்ற நாலு ஜோடியிலும் ஒரு தடித்த கம்பி, பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிற மெல்லிய கம்பி, அதைத்தான் ஆக்டேவ் என்போம். நான் போடுகிற லைட் செட்டில் ஹை இ இரண்டும் 10, பி இரண்டும் 13. ஜி ஜோடியில் 17-ம் அதன் ஆக்டேவாக 8-ம் வரும். 8 என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு, மில்லிமீட்டரில் சொன்னால் 0.20. கிட்டாரிலேயே மெல்லிய கம்பி அது, சுருதியும் ஹை இ-யைவிட மேலே. அறுந்தால் முதலில் அதுதான் அறும். அதனால்தான் ஒரு செட் போதாது, கையில் உபரி வேண்டும் என்று நாலு செட்டாகக் கேட்டேன். திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

நான் ஏமாந்த இடம் எது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். விலை இல்லை, ஒரு செட் 1,600 என்பது மலிவும் இல்லை. படங்களும் இல்லை. அந்தக் கடைக்காரன் கேட்ட ஒரு கேள்வி. “அண்ணே, உங்க கிட்டார்ல ஆக்டேவ் கம்பி மேல இருக்கா, ரிக்கன்பேக்கர் மாதிரி தடிப்புக் கம்பி மேல இருக்கா?” என்று வாய்ஸ் நோட்டில் கேட்டான். இதைக் கேட்க ஆள் வேண்டும். சாதாரணமாக 12 கம்பியில் கையைக் கீழே இழுத்து மீட்டும்போது மெல்லிய கம்பிதான் முதலில் படும். ரிக்கன்பேக்கர் கம்பெனி கிட்டாரில் அது தலைகீழ், தடித்தது முதலில் படும். 1964-ல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்குப் போன அந்தக் கிட்டாரின் மணியோசைக்கு இந்த வரிசையும் ஒரு காரணம் என்று எங்கள் மாஸ்டர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அதை ஒரு கடைக்காரன் தானாகக் கேட்கிறான்! ஆறு வருஷத்தில் இந்த ஊரில் யாரோடும் இதைப் பேசியதில்லை நான். அரை மணி நேரம் பேசினோம். “நானும் வாசிக்கிறவன்தான்ணே, நமக்குள்ள என்ன” என்றான். அந்த ‘நமக்குள்ள’வில் விழுந்துவிட்டேன். போன் வைத்த கையோடு 6,400 ரூபாயை அனுப்பினேன்.

பார்சல் நாலாம் நாள் வந்தது. வெளி அட்டை சரியாகத்தான் இருந்தது, எலக்ட்ரிக் 12, நிக்கல், 10-46 என்று அச்சடித்திருந்தது (ஹை இ-யின் அளவும் தடித்த இ-யின் அளவும்). உள்ளே வெள்ளைக் காகித உறைகள், ஒன்றிலும் கம்பெனி பெயர் இல்லை. தடித்த கம்பிகளில் லேசாகப் பொன்னிறம் தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மனசு தானாகவே சாக்குக் கண்டுபிடிக்கிறது பாருங்கள், பேசியவன் நல்லவன் என்று ஒரு தடவை நம்பிவிட்டால்.

வழக்கம்போல ஒவ்வொரு ஜோடியாகக் கழற்றி மாற்றினேன். 12 கம்பியும் சேர்ந்து நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, இழுக்கும் இழுவை 90 கிலோவைத் தொடும், மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் நெக் நிமிர்ந்து பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் கட்டை) உயரம், சுருதி எல்லாம் குழம்பும், அதனால் நான் அப்படிச் செய்வதே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும். ஜி ஜோடிக்கு வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. எலக்ட்ரிக் லைட் செட்டில் 17 என்பது சுற்று இல்லாத வெறும் கம்பி. இதில் வந்தது எஃகு நரம்பின் மேல் இன்னொரு கம்பி சுற்றிய சுற்றுக் கம்பி. அதன் ஆக்டேவை மெதுவாக, நேரம் கொடுத்துக் கொடுத்து ஏற்றினேன். ஜிக்கு அரைச் சுருதி கீழே, எஃப் ஷார்ப் வரும்போதே பட்டென்று அறுந்து கையைக் கீறியது. கண்ணாடி போட்டிருந்தேன், இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி இப்போதும் கேட்கிறாள்.

மிச்சக் கம்பிகளோடு ஆம்பில் போட்டுப் பார்த்தேன். மெல்லிய கம்பிகள் கத்துகின்றன, தடித்தவை பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்கின்றன. அப்போதுதான் உறைத்தது. அது நிக்கல் இல்லை, வெண்கலச் சுற்று. அகோஸ்டிக் கிட்டார் கம்பி. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் காந்தத்தால் வேலை செய்கிறது, வெண்கலத்துக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருக்கும் எஃகு நரம்பை மட்டும்தான் பிக்கப் பிடிக்கும். அதனால் தடித்த கம்பிகள் செத்துக் கிடக்கும், ஜோடிக்குள் ஆக்டேவ் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 12 கம்பியின் அழகே இரண்டும் ஒன்றாகக் கலப்பதுதான், அதுவே போயிற்று.

இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்து 8 என்று எழுதியிருந்த கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்தார். மூன்றிலும் 0.25. அதாவது 10. ஹை இ-க்குப் போடும் கம்பியைச் சுருட்டி 8 என்று எழுதி, எண்ணிக்கைக்காக உள்ளே தள்ளியிருக்கிறான். “ஆயிரத்து அறுநூறா இதுக்கு?” என்று அண்ணாச்சி கேட்டார். நாலு செட், 6,400 என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி அவன் சொன்ன பதில்கள். ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள் பதிலே இல்லை, நீல டிக் மட்டும் விழுந்தது. மறுநாள் காலையில் “நெக் வளைஞ்சிருக்கும்ணே, செக் பண்ணுங்க” என்றான். ஜோடி ஜோடியாகத்தான் மாற்றினேன், நெக் அசையவில்லை, போட்டோ அனுப்புகிறேன் என்றேன். “தூத்துக்குடி உப்புக்காத்துல கம்பி துருப்பிடிக்கத்தான் செய்யும்” என்றான். பாக்கெட்டை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் ஆகாத கம்பிக்குத் துருவா? இந்த உப்புக்காற்றில்தான் என் பழைய செட் ஐந்து மாதம் ஓடியது, தினமும் வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியை ஒவ்வொரு ஜோடிக்கு அடியிலும் நுழைத்து வியர்வையைத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன்.

அடுத்தது, “அடுத்த தடவை 9 போடுங்க சார், அறாது.” கவனித்தீர்களா, அண்ணே இப்போது சார் ஆகிவிட்டது. இந்தப் பேச்சைப் பலர் நம்புகிறார்கள், அதனால் சொல்கிறேன். நீளமும் சுருதியும் ஒன்றாக இருக்கும்போது கம்பியைத் தடிமனாக்கினால் அதை இழுக்கும் விசையும் அதற்கேற்பக் கூடும், எஃகின் மேல் விழும் பாரம் குறையாது. எஃகு மட்டமாக இருந்தால் தடிப்பாக இருந்தாலும் அறும். எனக்கு அறுந்ததே 10தான்! வேண்டுமென்றால் மொத்தக் கிட்டாரையும் அரைச் சுருதி இறக்கி முதல் கட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு வாசிக்கலாம், 12 கம்பி வாசிக்கிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு வழி சொல்லக் கேட்டு இவனுக்கு 6,400 கொடுக்கவில்லை.

வெண்கலக் கம்பி என்று நான் சொன்னதும் அனுப்பியதுதான் உச்சம். ஒரு வீடியோ. காந்தத்தைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான், ஒட்டுகிறது. “பாருங்க சார், மேக்னெட் ஒட்டுது, எலக்ட்ரிக்தான்.” உள்ளே எஃகு நரம்பு இருக்கிறது, எந்த அகோஸ்டிக் கம்பியும் ஒட்டத்தான் செய்யும். ரிக்கன்பேக்கர் வரிசை தெரிந்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தே அனுப்புகிறான். அந்த வீடியோவைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் கம்பி அறுந்தபோதுகூட வரவில்லை.

பிரிக்காத இரண்டு பாக்கெட்டையாவது எடுத்துக்கொள், பாதிப் பணம் 3,200 கொடு என்று இறங்கிக் கேட்டேன். “அன்பாக்சிங் வீடியோ இருக்கா?” என்றான். இல்லை. “அப்போ பாலிசிப்படி ரிட்டர்ன் கிடையாது மிஸ்டர்.” அதோடு பிளாக். அண்ணே, சார், மிஸ்டர், பிளாக். மூன்றே நாள்.

இன்று மதியம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். பணம் அனுப்பிய கையோடு ஆளே காணாமல் போனால் அது சைபர் மோசடி, 1930-க்குத் தாமதிக்காமல் அழைக்க வேண்டும் என்று நண்பன் சொல்கிறான்.

12 கம்பிக்கு செட் தேர்ந்தெடுப்பது, பராமரிப்பது பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று குழுவில் தம்பிகளுக்குச் சொல்லியிருந்தேன். இன்றைக்கு அதற்கு மனசு இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். பார்சலைப் பிரிப்பதிலிருந்து கடைசிக் கம்பிவரை ஒரே வீடியோவாக எடுங்கள். சுற்றுக் கம்பி வெள்ளி நிறமா, பொன்னிறமா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பொன்னிறம் என்றால் கிட்டாரில் மாட்டவே வேண்டாம். காந்தச் சோதனையை நம்பாதீர்கள். 10-46 லைட் செட் என்றால் ஜி வெறும் கம்பியாக இருக்க வேண்டும். முதல் தடவை வாங்கும் கடையில் ஒரே ஒரு செட் வாங்குங்கள், நாலு வாங்காதீர்கள். பில் படம் வராமல் பணம் அனுப்பாதீர்கள். ஆக்டேவ் ஜி அடிக்கடி ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்தில் நட்டிலோ (நெக்கின் மேல்முனையில் கம்பி உட்காரும் பள்ளக்கட்டை) பிரிட்ஜிலோ கூர்முனை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். ஏற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய செட்டைத் தூக்கிப் போடாமல் உறையில் சுற்றி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நாளைக் காலையில் அதையே திரும்ப மாட்டப் போகிறேன், அதில் ஆக்டேவ் ஜி மட்டும் இல்லை. யாரிடமாவது உண்மையான 8 ஒன்று உபரியாக இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.