பெண்கள் அணிக்குப் பொருள் வாங்க இந்தக் கடை சரிவருமா?

தென்மாவட்ட நகரம் ஒன்றின் கடைவீதியில் நெடுங்காலமாக நடந்துவரும் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றிலிருந்துதான், நான் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரியும் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு வேண்டிய பந்து, வலை, சீருடை அனைத்தையும் வாங்கிவருகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். தவிரவும், இதே குறைகளைப் பிற ஊர்க் கடைகளிலும் கண்டிருக்கிறேன்.

தடகளப் பொருள்களில் இந்தக் கடையை மிஞ்ச ஆளில்லை. 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்குக் குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம் என்பதும், அதற்கு மேல் 4 கிலோ, 600 கிராம் என்பதும் உரிமையாளருக்கு மனப்பாடம். குண்டை எடுத்துத் தந்ததோடு நில்லாமல், கல்லாவுக்குப் பக்கத்திலுள்ள மின்தராசில் வைத்து, எடை சரியாக இருப்பதைக் காட்டிய பிறகே பில் போடுவார். எடை குறைந்த குண்டைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள், ஏற்காவிட்டால் அது மறுநாளே கடைக்குத் திரும்பிவரும் என்பது அவருக்குத் தெரியும்.

நடுவர்கள் நிறுத்துப் பார்க்காத பொருள்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெண்கள் கிரிக்கெட்டுக்கான பந்து விதிப்படி சுமார் 140 முதல் 151 கிராம் வரை இருக்க வேண்டும். ஆண்களுக்கான பந்தோ 156 கிராமுக்கு மேல் 163 வரை போகும். சுற்றளவிலும் பெண்கள் பந்து சற்றுச் சிறியதாக இருக்கலாம். “லெதர் பால்” என்று மட்டும் கேட்டால் கனமான பந்துதான் கைக்கு வரும். “142 கிராம் பந்து” என்று எடையைச் சொல்லிக் கேட்டபோது, கடைப் பையன் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டில் சிறுவர் மட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘சின்னப் பசங்க’ என்று எழுதியிருந்தது. இந்திய மகளிர் அணி 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக் கோப்பையை வென்ற பிறகும் அந்தப் பெட்டியின் மேல் எழுத்து மாறவில்லை.

கூடைப்பந்தில் பெண்களுக்கு 6ஆம் எண் பந்து. கடையில் குவிந்து கிடப்பதோ 7ஆம் எண். “இதுலயே பழகட்டும் டீச்சர், கைக்கு பலம் வரும்” என்றார் உரிமையாளர். பயிற்சியில் பெரிய பந்தைப் போட்டுப் பழகிய பிள்ளை ஆட்டத்தில் சிறிய பந்தை வளையத்துக்கு மேலே தூக்கி அடிப்பாள் என்று விளக்கிய பிறகு, ஒரு வாரத்தில் வரவழைத்துத் தந்தார், கூடுதல் விலை எதுவும் வாங்காமல். கைப்பந்தில் (வாலிபால்) பந்து இருபாலருக்கும் ஒன்றே என்பதால் அங்கே சிக்கலில்லை.

காலணிப் பகுதி ஏமாற்றம். கால்பந்து ஸ்டட் ஷூக்கள் எல்லாமே ஆண் பாதத்தின் வார்ப்பில் செய்தவை. முன்பாதத்துக்குச் சரியாக இருந்தால் குதிகாலில் தொளதொளக்கிறது. எங்கள் பிள்ளைகள் இரண்டு சாக்ஸ் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். இதற்குக் கடையை மட்டும் குறை சொல்ல முடியாது. நைக்கி போன்ற பெரிய நிறுவனமே பெண் பாதத்தை மனத்தில் கொண்டு வடிவமைத்த ஃபாண்டம் லூனாவை 2023இல்தான் வெளியிட்டது, அதன் விலையும் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாது. ஆனால் குதிகால் பட்டை போன்ற சிறு பொருள்களையாவது வாங்கி வைத்திருக்கலாம்.

எனக்கு மிகுந்த வருத்தம் உடைப் பகுதியில்தான். ஆண்கள் விளையாடும்போது அணியும் ‘சப்போர்ட்டர்’ என்னும் உள்ளாடை கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகத் தொங்குகிறது. விளையாட்டுக்கான பிரா ஒன்றுகூட இல்லை. “அதெல்லாம் ஜவுளிக்கடையில பாருங்க” என்கிறார்கள். 1977இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் மூன்று பெண்கள் உருவாக்கிய முதல் விளையாட்டு பிராவே, இரண்டு ஆண் சப்போர்ட்டர்களைச் சேர்த்துத் தைத்துப் பார்த்ததில் பிறந்தது என்பதை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றபோது நினைத்துக்கொண்டேன். விற்பனையில் பெண் ஊழியர் யாருமில்லை. அளவு பார்க்க ஒரு திரை மறைவுகூட இல்லாததால், மாணவிகள் சட்டையைச் சீருடைக்கு மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள். ஓட்டமும் தாண்டலும் வேண்டாம் என்று எட்டாம் வகுப்பில் ஒதுங்கிக்கொள்ளும் பெண்களில் சிலர் உடை பற்றிய கூச்சத்தால்தான் ஒதுங்குகிறார்கள் என்பதைத் தினமும் பார்ப்பவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தைத்துத் தரும் சீருடைக்கு மட்டும் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன். பின்கட்டிலுள்ள தையற்காரர் கழுத்தை இறக்காமலும், சட்டையை இடுப்புக்குக் கீழே வரும்படியும் தைக்கிறார். துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, உள்ளே தெரியாது என்று உறுதி செய்கிறார். வெள்ளை அரைக்கால் சட்டை வேண்டாம், கருநீலம் போதும் என்றதும் காரணம் கேட்கவில்லை. இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியே மாதவிடாய்க் கவலையால் 2023இல் வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறியது. முழு வெள்ளை உடை கேட்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியும் அதே ஆண்டு முதல் பெண்கள் உள்ளே அடர்நிற உள்ளாடை அணிய இடம் கொடுத்தது.

ஆகவே, எறிதல் பொருள்கள், வலைகள், தைத்த சீருடை ஆகியவற்றுக்குத் தயங்காமல் இங்கே போகலாம். பந்து வாங்குவதானால் எடையையும் எண்ணையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளாடைக்கும் காலணிக்கும் வேறு கடைதான் பார்க்க வேண்டும். பள்ளித் தணிக்கைக்கு ஏற்றபடி பில்லைப் பொருள்வாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். கேட்டால் பந்தின் எடையையும் அதில் எழுதித் தருவார்கள்.