நான்கு மழைக்காலம் பார்த்த ஸ்விட்ச் பேனல்: பிடாட் ஹீட் மட்டும் ஏன் படுத்தியது?

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து தம்பி ஒருவன் போன் செய்தான். ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. "அண்ணா, அந்த ரெடிமேட் காக்பிட் பேனல் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா, இல்ல உங்கள மாதிரி நானே வயரிங் பண்ணிக்கவா?" என்று கேட்டான். அந்த நேரத்தில், கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்ட நானே கட்டிய பேனல் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது, சால்டரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருந்தது. "பேசாம வாங்கிடு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவன் கேட்டதற்கு அது போதாது. அதனால் விவரமாக எழுதுகிறேன். எரிச்சல் முழுக்கத் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

2022 கோடையில் கட்டிய பேனல் இது. செஸ்னா 172-இல் பைலட்டின் முழங்காலுக்கு மேலே இருக்குமே, அந்த வரிசை: ஆல்டர்னேட்டர், பேட்டரி, ஃப்யூயல் பம்ப், பீக்கன், லேண்டிங், டாக்ஸி, நேவ், ஸ்ட்ரோப் விளக்குகள், பிடாட் ஹீட், ஏவியானிக்ஸ் என்று பத்து டாகிள் ஸ்விட்ச். எஞ்சினைப் பற்றவைக்கும் மேக்னெட்டோவுக்கு ஐந்து நிலை ரோட்டரி, ஃப்ளாப்புக்கு ஒன்று, ரேடியோவுக்கு இரண்டு என்கோடர், அதாவது படிப்படியாகத் திருகும் குமிழ். மூளை, ப்ரோ மைக்ரோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு. அதிலிருக்கும் ஏடிமெகா32யு4 சிப் தானே யூஎஸ்பி பேசும் என்பதால் கம்ப்யூட்டர் அதை நேராக ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும். ஊனோ என்ற இன்னொரு போர்டை வாங்கிவிட்டு "ஜாய்ஸ்டிக்னு காட்டவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களுக்கும் விடை இதுதான். அதிலுள்ள 328 சிப்புக்கு யூஎஸ்பி வராது.

போர்டில் வயர் மாட்ட இருப்பது 18 பின்தான், ஸ்விட்சுக்கு ஒரு பின் என்று கொடுத்தால் போதாது. அதனால் ஸ்விட்சுகளை 5 குறுக்கு, 4 நெடுக்கு என்று மேட்ரிக்ஸாகக் கட்டினேன். ஸ்விட்சுக்கு ஒரு 1என்4148 டயோடு, மின்னோட்டத்தை ஒரே பக்கமாக மட்டும் விடுவது. டயோடு இல்லாமல் கட்டினால் மூன்று ஸ்விட்ச் சேர்ந்து ஆனில் இருக்கும்போது தொடாத நாலாவதும் ஆன் ஆனதாகத் தெரியும். டாகிள் ஸ்விட்ச் போட்ட நிலையிலேயே நிற்கும், சிமுலேட்டர் கேட்பதோ பட்டனை ஒரு முறை தட்டுவதை. அதற்காக மேலே தள்ளினால் ஒரு பட்டன், கீழே இழுத்தால் வேறொரு பட்டன் கணநேரம் அழுந்தியதாக அனுப்பும்படி ப்ரோக்ராம் எழுதினேன். எக்ஸ்-ப்ளேன் சிமுலேட்டரில் ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு, அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த வரைக்கும் வந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குச் சொல்ல இருப்பது பிடாட் ஹீட்டைப் பற்றித்தான். வேகமானிக்குக் காற்றழுத்தத்தைக் கொடுக்கும் பிடாட் குழாயில் பனி அடைக்காமல் சூடேற்றுகிற ஸ்விட்ச் அது.

சென்னையில் பறப்பவனுக்கு அந்த ஸ்விட்ச் தேவையே படாது. மீனம்பாக்கத்தில் 07 ஓடுபாதையில் ஏறி, கடலைத் தொட்டு, மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவனுக்குப் பனிக்கட்டி எங்கே வரும்? முதல் வருடம் அதை நான் பத்து தடவை தொட்டிருந்தால் அதிகம். அந்த டிசம்பரில் சண்டிகரிலிருந்து சிம்லாவுக்குக் கிளம்பினேன். 9,000 அடியில் மேகத்துக்குள் நுழைந்தேன். ஸ்விட்சை மேலே தள்ளினேன், டக்கென்று சத்தம் கேட்டது, தள்ளியாயிற்று என்று நம்பி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமானி முள் மெல்லச் சரிய ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் மாறவில்லை, மூக்கும் தாழவில்லை, முள் மட்டும் பூஜ்யத்தை நோக்கிப் போனது. குழாயில் பனி அடைத்துக்கொண்டது. என் கை ஸ்விட்சை ஆன் செய்திருந்தது, விமானத்தில் அது ஆஃபிலேயே இருந்தது.

பேனலைத் திறந்து, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கிற கன்டினியூட்டி நிலையில் மல்டிமீட்டரை வைத்தேன். பீப். நாலு தடவை தட்டித் தட்டிப் பார்த்தேன், நாலு தடவையும் பீப். வயரிங் சரி, டயோடு சரி, சால்டர் சரி. திரும்ப மாட்டினால் வேலையும் செய்தது. சரியாகிவிட்டது என்று மூடினேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே கதை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய், வீடு முழுக்க ஈரம் ஊறிக் கிடந்தது. கரண்ட் வந்த பிறகு பேனலைப் போட்டால் பிடாட் ஹீட், ஆல்டர்னேட்டர், டாக்ஸி மூன்றும் செத்திருந்தன. கடைக்காரர் மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று கோபப்பட்டு ரிச்சி தெருவுக்குப் போய் வேறு கடையில் பத்தும் புதிதாக வாங்கி மாற்றினேன். முதல் கடைக்காரர்மேல் பட்ட கோபம் நியாயமில்லை என்று இப்போது தெரிகிறது. அடுத்த மழைக்குப் புதியவையும் அதே வரிசையில் படுத்தன: முதலில் பிடாட் ஹீட், பிறகு ஆல்டர்னேட்டர். தினமும் தட்டுகிற பேட்டரியும் லேண்டிங் லைட்டும் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அங்கேதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

விடை பூஜை அறையில் கிடைத்தது. அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் திருவான்மியூர்க் காற்றுக்கு ஒரே மாதத்தில் கறுத்துவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். அம்மா அதைத் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தினமும் விரல் படுகிற மூடியின் குமிழ் மட்டும் பளபளவென்று இருந்தது.

டாகிள் ஸ்விட்சின் உடம்பில் 125 வோல்ட்டில் 6 ஆம்பியர், 250 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். அந்த வகையில் உள்ளே உரசும் கான்டாக்ட் பெரும்பாலும் வெள்ளி. ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் போகிற இடத்தில் ஸ்விட்ச் போடும்போது எழும் சின்னப் பொறி அந்தக் கறுப்புப் படலத்தை எரித்துவிடும். என் மேட்ரிக்ஸில் எவ்வளவு போகிறது? நெடுக்குக் கம்பியை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்க சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம். 5 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.25 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. படலத்தைத் துளைக்க அந்த மின்னோட்டத்துக்குத் தெம்பில்லை. தினமும் தட்டுகிற ஸ்விட்ச் உரசி உரசித் தன்னைத்தானே துடைத்துக்கொள்கிறது. பிடாட் ஹீட்டை யார் தட்டினார்கள்?

மீட்டர் ஏன் பீப் அடித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. என் மீட்டர் கன்டினியூட்டியில் கிட்டத்தட்ட 1 மில்லி ஆம்பியர் அனுப்புகிறது, பேனலைவிடப் பல மடங்கு. போதாததற்கு நானே நாலு தடவை தட்டித் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ஸ்விட்சைத் தட்டாமல், இருந்த ஆன் நிலையிலேயே சோதித்தேன். ஒரு குறுக்கு வரிசையை மட்டும் நிரந்தரமாகப் பூஜ்ய வோல்ட்டுக்குத் தாழ்த்தி வைக்கிற சின்ன ப்ரோக்ராம் ஏற்றி, நெடுக்குக் கம்பியில் வோல்ட் பார்த்தேன். ஸ்விட்ச் ஒழுங்காக இணைத்திருந்தால் டயோடு போக 0.6 பக்கம் காட்ட வேண்டும். 3.4 காட்டியது. நெம்புகோலை விரல்நுனியால் லேசாகப் பக்கவாட்டில் அழுத்தினேன். 3.4, 2.1, 0.7 என்று சரிந்து நின்றது. விரலை எடுத்ததும் மறுபடி ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வைத்தியம் நாலே நாலு ரெசிஸ்டர். நெடுக்கு வரிசைக்கு ஒன்றாக, 5 வோல்ட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 2.2 கிலோ ஓம். இப்போது ஸ்விட்ச் வழியாக 2 மில்லி ஆம்பியர் பக்கம் போகிறது. ஒரே குறுக்கு வரிசையில் நாலும் ஆனில் இருந்தாலும் 8 மில்லி ஆம்பியர்தான், பின் தாங்கும். இன்னும் குறைத்து 1 கிலோ ஓம் போடலாம், பெரிய மேட்ரிக்ஸ் கட்டுகிறவர்கள் பின்னின் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவும் அரை வைத்தியம்தான். முழு வைத்தியம் தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள ஸ்விட்ச், குறைந்த மின்னோட்டத்துக்கென்றே செய்தது. ரிச்சி தெருவில் ஆறு கடை ஏறி இறங்கினேன். ஐந்தில் இல்லை என்று தலையாட்டினார்கள். ஆறாவதில் கிடைத்தது, சாதா ஸ்விட்சைப்போலப் பத்து மடங்கு விலை. பிடாட் ஹீட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இரண்டு மட்டும் வாங்கினேன்.

என் கோபமெல்லாம் ஒன்றின்மேல்தான். மேட்ரிக்ஸ் கட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் டயோடைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஸ்விட்சுக்குள் என்ன உலோகம் என்று நான் பார்த்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. குளிர் நாட்டில், உலர்ந்த அறையில் அது தேவைப்படாமல் இருக்கலாம். கடலோரத்தில் இருக்கிறவனுக்கு முதல் பாடமே அதுதான்.

தம்பி என்கோடர் பற்றியும் கேட்டிருந்தான். மலிவானது துள்ளும், ரேடியோ அலைவரிசையை 118-இலிருந்து ஒரு படி திருகினால் இரண்டு படி தாவும். 10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டரும் போட்டால் அடங்கும். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புயல் இரவுகளில் ஒன்றில், கரண்ட் இல்லாமல், பேனல் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கும்மிருட்டு. கை தானாகப் போய்ப் பேட்டரி, ஆல்டர்னேட்டர், பீக்கன், பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தொட்டது. தப்பவே இல்லை. மேக்னெட்டோவை ‘இரண்டும்’ என்ற நிலைக்குத் திருப்பி ஸ்டார்ட்டில் பிடித்தபோது காதில் எஞ்சின் கேட்டது. கீபோர்டில் ஆறு வருடம் பறந்தும் எந்த எழுத்து எந்த விளக்கு என்று எனக்கு மனப்பாடம் ஆனதில்லை. ஒன்றரை வருடத்தில் இது விரலுக்குள் இறங்கிவிட்டது. என் கையால் துளை போட்டு, என் கையால் பற்றவைத்த ஸ்விட்ச் என்பதால்தான் என்று நம்புகிறேன். காசு கொடுத்து அதை வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் தம்பி, நீ ரெடிமேடே வாங்கு. உனக்குக் கைக்குழந்தை, சால்டர் புகை வேண்டாம். இந்த மூன்று வருடத்தில் நான் பறந்த நேரத்தைவிடப் பேனலைக் கவிழ்த்துப் போட்ட நேரம் அதிகமோ என்று சந்தேகமாக இருக்கிறது. வாங்கியதும் வாரண்டி போனாலும் பரவாயில்லை என்றால் பின்பக்கம் திறந்து, ஸ்விட்ச் என்ன மாடல் என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளியாக இருந்தால் வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வா. 2.2 கிலோ ஓம் என்னிடம் இன்னும் தொண்ணூற்றாறு மிச்சம் இருக்கிறது.